மாப்ள போட்ட லிஸ்ட்டு

வாப்பா மாப்ள, இப்படி உக்காரு. நீ வாட்சப்புல அனுப்புன லிஸ்ட்டை என் மருமக வாசிச்சுக் காட்டுச்சு. மொத நாள் காலையில ஆறு மணிக்குச் சுருளி அருவி, பத்தரைக்குத் திராட்சைத் தோட்டம், மூணு மணிக்கு மேகமலை. மறுநாள் கும்பக்கரை, வைகை அணை, குச்சனூரு, ராவுக்கு வீரபாண்டித் திருவிழா. கலெக்டருகூட ரெண்டு நாள்ல நம்ம மாவட்டத்தை இம்புட்டுப் பாத்திருக்க மாட்டாரு. பெரியவுக 24, சின்னப்புள்ளைக 11ன்னு தலை வேற எண்ணி வச்சிருக்க. ஒண்ணே ஒண்ணுதான் விட்டுப்போச்சு. புள்ளைக எந்த நேரத்துல வெளிக்கிருக்கும்னு போடலையே?

இது அவசரத்துக்கு ஆகுற ஊரு இல்லப்பா. மதுரை-போடி ரயிலை அகலப்பாதையாக்கப் போறோம்னு 2010 கடைசியில நிறுத்துனாய்ங்க. தேனிக்குத் திரும்பி வந்தது 2022 மே மாசம். போடிக்கு அடுத்த வருசம். அதுக்குள்ள உனக்குக் கல்யாணம் முடிஞ்சு ரெண்டு புள்ளையும் ஆகிப்போச்சு. அப்பேர்ப்பட்ட சீமையில வந்து நீ ஆறு மணி, பத்தரை மணிங்குற.

சரி, ஆறு மணிக்கே கிளம்புறோம்னு வையி. ஒண்ணுக்குப் பால் ஆத்தணும், ஒண்ணுக்கு ஒத்தைச் செருப்பைத் தேடணும், ஒண்ணு வண்டியில ஏறுன பெறகுதான் ஒண்ணுக்கு வருதுங்கும். ஒம்பது மணிக்கு வண்டி நகரும். அங்கன போனா யானை நடமாட்டம், அருவிக்கு விடமுடியாதுன்னு வனத்துறைக்காரய்ங்க வழியை மறிச்சாலும் மறிப்பாய்ங்க. 2023 மே மாசம் அரிக்கொம்பன் வந்த கதை தெரியுமில்ல? சின்னக்கானல்ல பிடிச்சு, பெரியாறு காட்டுல விட்ட யானை. அது மலையிறங்கிக் கம்பம் டவுனுக்குள்ளயே வந்துருச்சு. ஊரடங்கு போட்டு, ஜூன் 5-ம் தேதி மயக்க ஊசி அடிச்சு லாரியில ஏத்துற வரைக்கும் அந்தப் பக்கத்துச் சனத்துக்கு நிம்மதி இல்ல. லீவுக்கு வந்த விருந்தாளிக பூராம் வீட்டுக்குள்ளயே கெடந்தாக. சொந்தபந்தத்தை ஒரே வீட்டுல வச்சுக் கதவைச் சாத்துனா என்ன ஆகும்? மூணாம் நாளு வாய்க்கா வரப்புப் பேச்சு வந்துச்சு. அதுக்கு யானையே தேவலைன்னு ஆகிப்போச்சு.

இப்ப விளங்குதா, நம்மாளுக கூடுன மறுநிமிசமே எதுக்கு வண்டி பிடிக்கிறாகன்னு? உக்காந்தா பேசணும். பேசுனா பாகப்பிரிவினை வரும், உன் ஆத்தா கழுத்துச் சங்கிலி எங்க போச்சுன்னு வரும், கொய்யாத் தோட்டத்துக் கெணத்துல யாருக்கு எத்தனை முறைன்னு வரும். அருவியைப் பாத்தா அந்தத் தொல்லை இல்லை. அது போடுற சத்தத்துல யாரு பேசுறதும் காதுல விழாது. வாசல்ல திண்ணை இருந்த காலத்துல கோவிச்சுக்கிட்டுப் போய் உக்கார ஒரு எடம் இருந்துச்சு. இப்ப அதுக்கும் காருதான்.

அதனால மேகமலைக்குப் போறதுல எனக்குப் பூரண சம்மதம். சின்னமனூரு தாண்டி ஏறுனா 18 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு பூவுப் பேரா வச்சிருக்காக. மூணாவது பூவுல உன் சின்னவன் வாந்தியெடுப்பான். ஏழாவது பூவுல அவனைப் பாத்து உன் அத்தை எடுப்பா. பையை வாய்க்கு நேரா பிடிச்சிருக்கவன் பாகத்தைப் பத்திப் பேசமாட்டான். ஆனா கேரிப்பையைச் செக்போஸ்ட்டுல பிடுங்கிருவாய்ங்க, மஞ்சப்பை ஒழுகும். அதுக்கு என்ன வழின்னு லிஸ்ட்டுல சேத்துக்க.

சுருளிப்பட்டியில திராட்சைப் பந்தலுக்குள்ள புள்ளைகளை விடுறப்ப மட்டும் சாக்கிரதை. பன்னீர்த் திராட்சை கையெட்டுற ஒசரத்துல கொத்துக்கொத்தாத் தொங்கும். மருந்தடிச்ச பழம், கழுவாம வாயில போட விட்டுறாத. படம் எடுக்குற சோலியில நீ இருப்ப, அதுக்குள்ள ஒரு புள்ளை பாதிக் கொத்தை முடிச்சிரும்.

இதைச் சிரிக்காமச் சொல்றேன், கேட்டுக்க. நம்ம ஊரு ஆத்துத் தடுப்பணைத் தண்ணி பாக்கச் சாதுவாத்தான் கெடக்கும். மேல அணையில கூடுதலாத் திறந்துவிட்டா சத்தமில்லாம ஏறும். கம்பம் பள்ளத்தாக்குல இருக்குற 14,707 ஏக்கரு இருபோக வயலுக்கும் அந்த ஆத்துலதான் தண்ணி வரணும். மொத போகத்துக்கு ஜூன்ல திறப்பாக, குடிக்கிறதுக்கு எப்பவும் வந்துக்கிட்டு இருக்கும். புள்ளைக எறங்குனா கரையில ரெண்டு பெரியாளு நிக்கணும், அதுவும் போனைப் பாக்காத ஆளா. நம்ம குடும்பத்துல அப்படி ரெண்டு பேரைக் கண்டுபிடிச்சா எனக்கும் கூட்டியாந்து காட்டு.

வீரபாண்டிக்கு ராவுல போறப்ப ஒவ்வொரு புள்ளை கையிலயும் உன் நம்பரைப் பேனாவுல எழுதிவிடு. அக்கினிச்சட்டிக்காரவுக வந்தா வழியை விட்டு ஒதுங்கி நில்லுங்க. புள்ளைக ராட்டினத்தை விட்டு நகராதுக. மொளகா பஜ்ஜி வாசத்துல தொலைஞ்சு போறது உன் பெரியப்பன்தான், அவரு கையிலயும் எழுது.

போன லீவுல பெங்களூருப் பேத்தி வந்திருந்துச்சுல்ல? அப்பன் ஆத்தா அதைக் கொடைக்கானலுக்குக் கூட்டிப்போனாக, படகுல விட்டாக, குதிரை ஏத்துனாக. அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசலை. நோண்டித் தின்னு போட்ட நுங்குக்காய் ரெண்டை எடுத்து, குறுக்க ஒரு குச்சியைச் செருகி, கவட்டைக் கம்பை அதுல வச்சுத் தள்ளிக்கிட்டு முத்தத்துக்கும் ரோட்டுக்கும் ஓடுச்சே, அதைத்தான் போன் பண்றப்ப எல்லாம் கேக்குது. எறும்பு மொய்ச்சு, ஈ மொய்ச்சு, ராவுக்கு அதைத் தலைமாட்டுலயே வச்சுப் படுத்துச்சு. உங்க கண்ணுக்கு அது குப்பை.

ஆகவே மாப்ள, பெரியவுக பூராம் வண்டியேறுங்க. பதினொண்ணையும் என்கிட்ட விட்டுட்டுப் போங்க. முழங்கால் வலிக்கு நானும் ஆத்துப் பக்கம் போகமாட்டேன், அதுகளையும் விடமாட்டேன். உன் அத்தையை மறக்காமக் கூட்டிப்போ, முன்சீட்டைக் கேப்பா, குடுத்துரு. குச்சனூருல அவளை நல்லா நிதானமாக் கும்பிட விடு, அவசரப்படுத்தாத. லிஸ்ட்டுல 24ங்குறதை 23ன்னு திருத்திக்க. என் சீட்டுக் காசுக்கு நுங்கு வாங்கிப் போட்டுட்டுப் போ. வெயில் ஏறுறதுக்குள்ள போ, நல்ல எளசு மொதல்லயே தீந்துரும்.