மாமா இறங்கிய சுகம்

கேள்வி: காரில் எடை குறைந்த ஃப்ளைவீல் மாட்டினால் குதிரைத்திறன் கூடுமா?

பதில்: ஒரு குதிரைகூடச் சேராது. இருக்கிற குதிரைகளின் கால்கட்டு அவிழும், அவ்வளவுதான். மையத்திலிருந்து 10 செ.மீ. தள்ளி 4 கிலோ குறைந்ததாக வையுங்கள். டயர் ஆரம் 30 செ.மீ., முதல் கியரில் மொத்த விகிதம் 14 என்றால், வேகமெடுக்கையில் காரில் 87 கிலோ குறைந்த மாதிரி. பக்கத்து சீட்டு மாமா இறங்கிக்கொண்ட சுகம்! விகிதம் 3.2 ஆகிற ஐந்தாவது கியரில் வெறும் நாலரை கிலோ. இறங்கியது மாமாவின் பை மட்டும். கியர் குறைக்கும்போது எஞ்சின் சட்டென்று ஒத்துழைக்கும், அது நிஜமான இன்பம். ஆனால் ஐடிலிங்கில் நடுங்கும், மேட்டில் கிளட்சை விட்டால் அணைந்துபோகும். ரேஸ் தடத்துக்கு வாங்குங்கள். ஆபீஸ் போக வேண்டாம். தயவுசெய்து பழைய வார்ப்பிரும்பு ஃப்ளைவீலை இஷ்டத்துக்குக் கடையாதீர்கள். அதிவேகச் சுழற்சியில் சிதறினால் துண்டுகள் உங்கள் காலைத்தான் தேடி வரும்.