பேக்கிரவுண்டில் யாரோ இருக்காங்க

எங்கள் ஓ.எம்.ஆர். பக்கத்து அலுவலகங்களில் ஆட்டோமேஷன் அண்ணனைக் கண்டுபிடிக்க அடையாள அட்டை பார்க்க வேண்டியதில்லை. மேஜையில் இரண்டு கம்ப்யூட்டர் வைத்துக்கொண்டு, ஒன்றைத் தொடாமல் முறைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பவர் எவரோ, அவரேதான். முறைக்கப்படுவதன் பெயர் டெஸ்ட் பெட்டி. அதன் நெற்றியில் ‘ரன் ஓடுது, தொடாதே’ என்று ஒரு சீட்டு. மனிதனே தேவைப்படாமல் தானாக நடக்கும் சோதனை அது. மனிதர் யாரும் கிட்டே வராமல் பார்த்துக்கொள்ள மட்டும் முழுநேரமாக ஒரு மனிதர் வேண்டியிருக்கிறது.

அண்ணனுடைய சித்தாந்தம் எளிது: ஸ்கிரிப்ட் தப்பு செய்யாது. ராத்திரி ஓடியதில் 240 டெஸ்டில் 239 பச்சை, ஒன்று சிவப்பு. அந்த ஒன்றை மட்டும் திரும்ப ஓட்டினால் பச்சை. மொத்தமாக ஓட்டினால் வேறொன்று சிவப்பு. நாமாக இருந்தால் தலையைச் சொறிவோம். அண்ணன் குரலைத் தாழ்த்துவார். “பேக்கிரவுண்ட்ல யாரோ இருக்காங்கப்பா.”

பிறகு விசாரணை தொடங்கும். டாஸ்க் மேனேஜரெல்லாம் அவருக்குச் சின்னப் பசங்க சமாச்சாரம். மார்க் ருஸினோவிச் எழுதிய ப்ராசஸ் எக்ஸ்ப்ளோரரைத்தான் திறப்பார். அந்த மனிதரின் கம்பெனியை மைக்ரோசாஃப்ட் 2006-இல் வாங்கிய செய்தியை, சொந்த மச்சானுக்கு அரசாங்க வேலை கிடைத்ததுபோல இன்றைக்கும் சொல்வார். திரையில் ‘எஸ்விசிஹோஸ்ட்’ என்ற ஒரே பெயரில் ஐம்பது அறுபது பேர் நிற்பார்கள். பழனியில் தைப்பூசத்தன்று “டேய் முருகா” என்று கூப்பிட்டுப் பார்த்த மாதிரி இருக்கும். முன்பெல்லாம் ஒரு எஸ்விசிஹோஸ்டுக்குள் பல சர்வீஸ்கள் கூட்டுக்குடும்பமாக இருந்தன. 2017-இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பு, மெமரி 3.5 ஜிபிக்கு மேல் உள்ள பெட்டிகளில் அந்தச் சர்வீஸ்களில் பெரும்பாலானவற்றைத் தனிக்குடித்தனம் அனுப்பிவிட்டது. “பிரிச்சது நல்லதுதான், எவன் சாப்பிடுறான்னு தெரியும். ஆனா வீடு வீடா ஏறி இறங்கணுமே” என்பார்.

போன மழைக்காலத்தில் வந்த சிவப்பு கொஞ்சம் விசித்திரமானது. எங்கள் ஆப்பில் கிளையைத் தேர்ந்தெடுக்கும் பட்டியல் ஒன்று உண்டு. ஸ்கிரிப்ட் அதைத் திறக்கும். தேர்ந்தெடுப்பதற்குள் அது தானே மூடிக்கொள்ளும். எப்போதாவதுதான். அண்ணன் முதலில் ஆன்ட்டிவைரஸைச் சந்தேகித்தார். டெஸ்ட் ஃபோல்டரை ஸ்கேனிலிருந்து விலக்கினார். இரண்டு ரன் பச்சை. சுண்டல் வாங்கிக் கொடுத்தார். மூன்றாவது ரன் சிவப்பு. அடுத்து தேடல் இண்டெக்ஸர். அதை நிறுத்தினார், மறுபடி இரண்டு பச்சை, மறுபடி சுண்டல். பிரிண்டர் மை தீர்ந்ததை அறிவிக்கும் நிரலைக்கூட விடவில்லை. அது நடுவில் எழுந்து நின்றால் ஸ்கிரிப்ட் தட்டும் எழுத்தெல்லாம் அதன் மடியில் போய் விழுமாம். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் எங்கள் மாடியில் பிரிண்டரே கிடையாது.

மேனேஜர் பொறுமை இழந்தார். அண்ணன் அசரவில்லை. “சார், கூகுள்லயே டெஸ்ட் ரன்ல ஒன்றரை சதவீதம் இப்படித்தான் தள்ளாடுதுன்னு 2016-ல அவங்களே எழுதியிருக்காங்க.”

“அவங்களுக்கு அது கட்டுப்படியாகும்” என்றார் மேனேஜர்.

பயிற்சிக்கு வந்திருந்த பெண்தான், ஒருநாள், சிவப்பு விழுந்த நேரங்களை ஒரு தாளில் குறித்துக் கழித்துப் பார்த்தாள். இடைவெளி 118 விநாடி, 295 விநாடி, 531 விநாடி. “அண்ணா, எல்லாமே 59-ஆம் வாய்ப்பாடு.”

அண்ணனின் முகம் போன போக்கைச் சொல்ல வேண்டும். ரிப்போர்ட் தயாராக இருபது நிமிடம் ஆகும். அதற்குள் திரை பூட்டிக்கொள்ளும். பூட்டிய திரையில் ஸ்கிரிப்டுக்குக் கிளிக் செய்ய இடமில்லை. ஆரம்பத்தில் கைக்கடிகாரத்தை மவுஸுக்கு அடியில் வைத்துச் சமாளித்தார். விநாடி முள் சுற்றச் சுற்ற அம்பு லேசாக ஆடும். டெஸ்ட் பெட்டியின் கடிகாரத்தில் மணி பார்க்க வேண்டியிருந்ததால் அதைக் கைவிட்டு, ஒரு குட்டி நிரலைப் போட்டிருந்தார். அது 59 விநாடிக்கு ஒருமுறை எஃப்15 விசையைத் தட்டும். நம் கீபோர்டுகளில் எஃப்12-உடன் வரிசை முடிந்துவிடுகிறது. இல்லாத விசையைத் தட்டினால் யாருக்கு என்ன நஷ்டம் என்ற நல்லெண்ணம். சிபியூ கணக்கில் அது சாப்பிட்டது பூஜ்யம். ஊரையெல்லாம் விசாரித்தவர், திண்ணையில் தானே கொண்டுவந்து உட்காரவைத்த காவல்காரனை மட்டும் கேட்கவில்லை.

சத்தமில்லாமல் அதை நீக்கினார். ரன் 240-உம் பச்சை. இந்தத் தடவை சுண்டல் வரவில்லை.

சாயங்காலம் டீக்கடையில் ஒரு சந்தேகம் மட்டும் கேட்டார். “ஏம்ப்பா, எஃப்15 பட்டா லிஸ்ட் ஏன் மூடணும்?”

எந்த விசை பட்டாலும் மூடு என்று ஒரே வரியில் எழுதினால் வேலை சீக்கிரம் முடியும் என்று போன வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை எனக்குத் தோன்றியிருந்தது. “பேக்கிரவுண்ட்ல ஏதாவது இருக்கும்ணா” என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே லேப்டாப் பையைத் திறந்தார்.