கழுத்தும் குதிரையும்

எலெக்ட்ரிக் கிதாரில் தந்திகள் ஏறி இறங்குகிற உலோக உறுப்பை ஆங்கிலேயர் பாலம் என்று வழங்குகிறார்கள். அந்தப் பாலத்தின்மேல் ஒவ்வொரு தந்தியும் அமர்வதற்கு வைத்திருக்கும் சிறு தாங்கியையோ சேணம் என்கிறார்கள். பாலத்துக்கு எதற்குச் சேணம் என்ற சந்தேகம் அவர்களை வாட்டியதாகத் தெரியவில்லை. நம் வீணைக்காரர்கள் அதே உறுப்பைத் தலைமுறை தலைமுறையாகக் குதிரை என்றே சொல்லி வருவதையும், பிரெஞ்சுக்காரரும் வயலினில் உள்ள அதற்குக் குட்டிக் குதிரை என்று பொருள்படும் பெயரையே இட்டிருப்பதையும் சேர்த்துப் பார்க்குமிடத்து, சேணம் கலிபோர்னியாவிலும் குதிரை தஞ்சாவூரிலுமாக இத்தனை காலம் பிரிந்து கிடந்து இன்றுதான் ஒன்றுகூடுகின்றன என்பது விளங்கும். இந்த ஆராய்ச்சியால் வேறு பயன் ஒன்றும் விளையாவிடினும் அந்த ஒரு புண்ணியம் அதற்குப் போதும்.

பெயர்க் குழப்பம் இதோடு தீர்ந்தபாடில்லை. கழுத்துப் பிக்கப் என்று சொல்லப்படுவது கழுத்தில் இல்லை; கழுத்து வந்து முடிகிற இடத்துக்குக் கீழே, பதக்கம் தொங்குகிற ஸ்தானத்தில் இருக்கிறது. காந்தத் துண்டுகளைச் சுற்றித் தலைமயிர் போன்ற செப்புக் கம்பியை ஏறத்தாழ 8,000 சுற்றுச் சுற்றினால் அது பிக்கப். எஃகுத் தந்தி அதற்கு நேரே அதிரும்போது கம்பியில் மின்சாரம் பிறக்கிறது. தந்தி குதிரையருகே விறைப்பாகவும் கழுத்தருகே தாராளமாகவும் ஆடுவதால், குதிரைப் பக்கத்துப் பிக்கப் குழாயடியில் நிற்பவளைப்போலக் கணீரென்று பேசுகிறது. கழுத்துப் பக்கத்ததோ சாப்பாடு முடிந்து திண்ணையில் சாய்ந்த பெரியவரைப்போலக் கனத்த குரலில், அவசரமின்றிப் பேசுகிறது.

அது எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்பதில்தான் முதல் சச்சரவு. ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்ற கிதாரின் தந்தி நீளம் 648 மில்லிமீட்டர்; அதன் கழுத்துப் பிக்கப் குதிரையிலிருந்து ஏறத்தாழ 162 மில்லிமீட்டரில், அதாவது காற்பங்கில், அமர்ந்திருக்கிறது. தந்தியின் நான்காவது சீரிசை அசைவற்று நிற்கும் புள்ளி அதுவேயாதலால் அந்த ஒரு சீரிசை மட்டும் பிக்கப்பின் காதில் விழுவதில்லை என்றும், அந்த மௌனமே இந்தக் கிதாரின் இனிமைக்கு மூலகாரணம் என்றும் சாதிக்கும் பக்ஷத்தார் உண்டு. 24 மெட்டுகள் வைத்த கிதாரில் பிக்கப் இடமின்றிச் சற்றே குதிரைப் பக்கம் ஒதுங்க நேர்வதை அவர்கள் குலாசாரம் கெட்டதாகவே கருதுவார்கள். இதற்கு உத்தரம் எளிது. மேற்படி புண்ணிய க்ஷேத்திரம் விரல் படாத வெறுந்தந்திக்கு மட்டுமே புண்ணிய க்ஷேத்திரம். ஐந்தாவது மெட்டில் விரலை வைத்த மாத்திரத்தில் அதிரும் நீளம் முக்காலாகக் குறைந்து, அதே பிக்கப் மூன்றில் ஒரு பங்கில் நின்று மூன்றாவது சீரிசையை விழுங்குகிறது. பன்னிரண்டாவதில் வைத்தாலோ நட்டநடுவில் நின்று இரட்டைப்படைச் சீரிசைகளையெல்லாம் விழுங்குகிறது. ஆகவே இது சுவரில் மாட்டிய கிதாருக்கே பொருந்தும் சித்தாந்தம். ஆனால் இதைப் பேசுவோரின் கிதார் பெரும்பாலும் சுவரில்தான் மாட்டியிருக்கிறது என்பதால், அடியோடு தள்ளிவிடவும் மனம் துணியவில்லை.

இனி மதபேதங்கள். ஒற்றைச் சுருள் மதத்தார் தெளிவை விரும்பி, அதற்குத் தண்டனையாகக் குழல்விளக்கின் ரீங்காரத்தையும் சகித்துக்கொள்பவர்கள். இரட்டைச் சுருள் மதத்தார் 1955-இல் கிப்ஸன் கம்பெனியில் ஸெத் லவர் என்பவர் வகுத்த மார்க்கத்தைச் சேர்ந்தவர்கள். எதிர்த்திசையில் சுற்றிய இரண்டு சுருள்களைச் சேர்த்து வைத்தால் ஒன்றின் ரீங்காரத்தை மற்றொன்று அழித்துவிடுகிறது. கொஞ்சம் தெளிவும் அதோடு போய்விடுகிறது. மூன்றாமவர் சூன்யவாதிகள். 1950-இல் லியோ ஃபெண்டர் வெளியிட்ட எஸ்க்வயர் என்ற கிதாரில் கழுத்துப் பிக்கப்பே கிடையாது. குதிரைப் பக்கத்தில் ஒன்றே ஒன்று. காந்தம் இல்லாத இடத்தில் தந்தி சுதந்திரமாக ஆடுகிறது என்பது இவர்கள் வாதம். இருப்பது ஒரே பிக்கப்பாயினும் அதைத் தேர்ந்தெடுக்க மூன்று நிலை கொண்ட சுவிட்ச் ஒன்று வைத்திருந்தார்கள் என்பதை நாகார்ஜுனர் கேட்டிருந்தால் பெரிதும் மகிழ்ந்திருப்பார்.

எஸ்க்வயருக்குக் கழுத்துப் பிக்கப் பிறந்ததும் அது பிராட்காஸ்டர் ஆகி, அந்தப் பெயரைப் போன்ற ஒன்று தன் மிருதங்கத்துக்கு, அதாவது டிரம் வகைக்கு, ஏற்கெனவே இருக்கிறதென்று கிரெட்ச் கம்பெனி ஆட்சேபிக்கவே, சில காலம் பெயரின்றித் திரிந்து, 1951-இல் டெலிகாஸ்டர் ஆயிற்று. இதன் கழுத்துப் பிக்கப்புக்கு ஓர் உலோக மூடி உண்டு. மலிவுப் பிரதிகளில் அந்த மூடி பித்தளையாய் அமைந்து விடுவதால், கூரிய ஒலியெல்லாம் அதற்குள்ளேயே அடங்கி, ஜலதோஷம் பிடித்தவன் கம்பளிக்குள்ளிருந்து பேசுவது போன்ற ஒரு நாதம் எழும். போதாக்குறைக்கு, ஆதி நாட்களில் சுவிட்சின் முன்நிலையில் ஒரு கண்டென்ஸரை வைத்து, உள்ள கூர்மையையும் வேண்டுமென்றே வெட்டியிருந்தார்கள். கிதார்க்காரன் பாஸ் வாசிப்பவனுக்கும் பதிலாள் ஆகட்டும் என்ற சிக்கனம். லியோ ஃபெண்டர் ஃபுல்லர்ட்டனில் ரேடியோ பழுதுபார்த்தவர். கிதார் வாசிக்கத் தெரியாதவர். சமையல் அறியாதவர் வார்த்த பாத்திரத்தில்தான் உலகம் இன்றுவரை சமைத்து வருகிறது.

குதிரைகளைப் பற்றிய சாஸ்திரம் இதனினும் கடினமானது. டெலிகாஸ்டர் குதிரைக்குத் தந்தி ஆறு, சேணம் மூன்று. ஒவ்வொரு சேணத்திலும் இரண்டு தந்திகள், ஒரே அடுப்பில் சமைக்கும் ஓரகத்திகளைப்போல, ஒருத்திக்குச் சரியானது மற்றவளுக்குச் சரியில்லாமல் அமர்ந்திருக்கும். 1954-இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரில் தந்திக்கொரு சேணமும், முதுகில் ஐந்து ஸ்பிரிங்குகளும், பிடித்து ஆட்டுவதற்கு ஒரு கம்பியும் சேர்ந்து, குதிரை உண்மையாகவே துள்ளத் தொடங்கியது. இந்தக் கம்பியை ஆட்டினால் சுருதி அசையும்; அதற்குப் பெயர் வைப்ராட்டோ. லியோவோ அதற்கு ட்ரெமலோ என்று பெயரிட்டார். ஒலியின் அளவு மட்டும் ஏறி இறங்குகிற நிஜமான ட்ரெமலோவுக்குத் தமது ஒலிபெருக்கிகளில் வைப்ராட்டோ என்று பெயரிட்டார். பிழை ஒன்றாயிருந்தால் அறியாமை எனலாம். இவ்வளவு சமச்சீராக இருக்கும்போது கொள்கை என்றுதான் கொள்ள வேண்டும்.

துள்ளும் குதிரையின் குணம் ஒன்றைச் சொல்லாமல் விடலாகாது. ஒரு தந்தியைக் கமகத்துக்காக இழுத்தால் மற்ற ஐந்தும் சற்றே இறங்கும்; ஒரு தந்தி அறுந்தால் மற்ற ஐந்தும் ஏறும். குதிரை கீழே தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்தது என்று நம்மவர் சொல்லிவைத்தது இதைப் பார்த்துத்தான் போலும். எரிக் கிளாப்டன் இதை உணர்ந்து, துள்ளும் குதிரையையே வைத்துக்கொண்டு, அதன் வயிற்றில் ஒரு மரத்துண்டைச் செருகி அசையாமல் நிறுத்தியிருக்கிறார். பந்தயக் குதிரையை வாங்கி லாயத்தோடு கட்டி வைப்பதும் ஒரு ஐசுவரியமே. ஃப்ளாய்ட் ரோஸ் என்பவர் 1970-களின் இறுதியில் வேறு வழி கண்டார். மற்றக் குதிரைகளில் தந்தி தன் நுனிக் குண்டைக் கொண்டு தானே பற்றிக்கொள்கிறது. இது குரங்குக் குட்டி தாயைப் பற்றும் மர்க்கட நியாயம். ரோஸின் குதிரையோ குண்டை வெட்டியெறிந்துவிட்டு, தந்தியைத் தானே இரு பக்கமும் இறுகக் கவ்விக்கொள்கிறது. இது பூனை தன் குட்டியைக் கவ்வும் மார்ஜார நியாயம். சரணாகதி பூரணமானது, ஆனால் தந்தி மாற்ற வேண்டுமானால் அலன் சாவியும் அரை நாளும் வேண்டும்.

கழுத்தும் குதிரையும் வெவ்வேறா, ஒன்றா என்பதே இறுதிப் பிரச்சினை. இதற்கு எழுத்து மூலமான பிரமாணமே இருக்கிறது. ஸெத் லவரின் பிக்கப்பின் அடியில் முதலில் ‘காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டது’ என்ற சீட்டு ஒட்டியிருந்தது. 1959-இல் காப்புரிமை கிடைத்துங்கூடச் சில ஆண்டுகள் அதே சீட்டுத் தொடர்ந்தது. பின்பு ஒருவாறு காப்புரிமை எண்ணை அச்சிட்டு ஒட்டினார்கள்: 2,737,842. அந்த எண் பிக்கப்பினுடையதே அன்று. லெஸ் பால் என்ற கிதார் வித்துவான் காப்புரிமை பெற்ற குதிரையினுடையது! அதுவும் எந்தக் குதிரை? அவர் பெயர் தாங்கிய 1952-ஆம் ஆண்டுக் கிப்ஸன் கிதாரில் பூட்டியபோது, கழுத்தின் சாய்வு போதாமல், தந்தியை மேலே ஏற்ற வழியின்றி அடிவயிற்றைச் சுற்றிக் கட்டி, உள்ளங்கை வைக்க இடமில்லாதபடி செய்த அதே குதிரை. போட்டியாளரைக் குழப்பவே வேண்டுமென்று எண்ணை மாற்றினார்கள் என்று லௌகிகர் சொல்வர். கழுத்தை முத்திரையிடும் இடத்தில் குதிரையின் நாமத்தைப் பொறித்தவர்கள் அபேதத்தை அறிந்தவர்கள் என்பதே என் துணிபு.

அனுமானம் முடிந்தது, பிரத்தியட்சம் ஒன்றும் வேண்டுமல்லவா? என்னிடம் இருப்பது மேற்சொன்ன ஜலதோஷ ஜாதி டெலிகாஸ்டர்ப் பிரதி. ஆறு மாதம் ஆலோசித்துப் புதுக் கழுத்துப் பிக்கப் ஒன்றை வரவழைத்தேன். பரீக்ஷை நிஷ்பக்ஷபாதமாக இருக்க வேண்டும் என்பதற்காக என் மனைவியின் தம்பியைச் சுவரைப் பார்த்து உட்காரவைத்து, பழையதில் ஒரு முறை மோகனம் வாசித்தேன். அரை மணி நேரம் ஈயம் பற்றவைத்துப் புகையில் கண் எரிந்த பிறகு, புதியதில் மறுமுறை வாசித்தேன். என் நோட்டில் ‘முன்னது: அடைப்பு, பின்னது: சுக்குக் கஷாயம் குடித்த தொண்டை’ என்று குறித்துக்கொண்டேன். இரண்டாவதுதான் உருக்கம் என்று அவனும் ஒப்புக்கொண்டான். பிறகு எழுந்து வந்து கிதாரைக் குனிந்து பார்த்தவன், “அத்தான், இந்தச் சின்ன சுவிட்ச் எந்தப் பக்கம் இருக்கணும்?” என்று கேட்டான். அது குதிரைப் பக்கம் இருந்தது. காலையிலிருந்தே அங்கேதான் இருந்திருக்கிறது.