ஊவாத் தோட்டப்புறங்களில் மடக்குக் கத்தியின் உருக்கும் தீட்டுகல்லும்: அவசியமற்ற ஓர் ஆய்வு

தேயிலையைப் பற்றி அலுமாரி அலுமாரியாக நூல்கள் வந்துவிட்டன. அந்தத் தேயிலைக்கு நடுவே நடமாடுகிறவர்களின் சட்டைப்பையில் கிடக்கும் மடக்குக் கத்தியைப் பற்றி ஒரு துண்டுப்பிரசுரம்கூட என் கண்ணில் படவில்லை. இக்குறையைப் போக்கும்படி யாரும் என்னைக் கேட்கவில்லை. ஆய்வாளனுக்கு அதைவிடச் சுதந்திரமான நிலை வேறு கிடையாது.

ஆய்வுப் பரப்பு பதுளை நகரும், பசறை, ஹாலிஎல, தெமோதரை, பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டங்களும். இங்கே மடக்குக் கத்தி செய்யும் வேலைகளாவன: உர மூட்டையின் தையலை அறுத்தல், பாக்குச் சீவுதல், கொய்யா பிளத்தல், பிள்ளைகளின் பென்சிலைக் கூராக்குதல், காலில் ஏறிய அட்டையை அலகின் முதுகால் வழித்தெறிதல், கரண்டு வயரின் தோலை உரித்தல். கடைசியாகச் சொன்னது வேலை அல்ல, கொலை. அதற்குப் பலியான கத்திகளை வாயில் விழுந்த ஓட்டைப் பல்லைக்கொண்டு எளிதில் அடையாளம் காணலாம்.

நம் கருதுகோள் இது. கத்தி வாங்குகிறவர் உருக்கைத் தேர்வு செய்வதாக எண்ணிக்கொள்கிறார். உண்மையில் அவர் செய்வது, வீட்டில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் கல்லுக்கு ஒரு மருமகளைப் பார்ப்பதுதான். மாமியாரை மாற்ற முடியாது. ஆகவே பொருத்தம் பார்க்க வேண்டியது கல்லிலிருந்தே.

முதலில் வரலாறு, அது இல்லாவிட்டால் கட்டுரைக்கு மதிப்பில்லை. ஹல்துமுல்லையைத் தாண்டி மலை சரியும் பக்கத்தில், பலாங்கொடைக்கு அருகே சமனலவெவ இருக்கிறது. நீர்த்தேக்கம் நிரம்புவதற்கு முன் அங்கே நடந்த அகழாய்வில், மேற்கு நோக்கிய மலைச்சரிவுகளில் வரிசை வரிசையாக இரும்புருக்கும் உலைகள் வெளிப்பட்டன. துருத்தி இல்லை, தென்மேற்குப் பருவக்காற்றே துருத்தி. கில் ஜுலெஃப் என்ற தொல்லியலாளர் அதே மாதிரி உலையைக் கட்டி, காற்றுக்குக் காத்திருந்து, எரித்துக் காட்டி, முடிவை 1996இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார். ஆயிரம் ஆண்டுக்கு முந்திய அந்த உலைகளிலிருந்து கரிமம் மிகுந்த உருக்கே நேரடியாகக் கிடைத்தது. 9ஆம் நூற்றாண்டில் அரபு அறிஞர் அல்-கிந்தி வாள்களைப் பற்றி எழுதியபோது செரந்தீப்பின், அதாவது இலங்கையின், பெயரையும் சேர்த்துக்கொண்டதில் வியப்பில்லை. பலாங்கொடைப் பக்கத்தில் மண் மூசைகளில் உருக்குச் செய்த கடைசித் தலைமுறையின் கைவேலையை ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளிவந்த தம் நூலில் பதிந்து வைத்தார்.

இதில் நமக்கு முக்கியமானது காற்று. அதே தென்மேற்குக் காற்றுதான் மழையை மேற்கே கொட்டிவிட்டு, மலை தாண்டி, ஆடி ஆவணியில் வறண்டு ஊவாவுக்குள் இறங்குகிறது. அந்த மாதங்களின் கொழுந்துக்குத்தான் ஏலத்தில் தனி விலை. மலைக்கு அந்தப் பக்கம் கத்தியையும் இந்தப் பக்கம் தேத்தண்ணீரையும் ஒரே காற்று தந்திருக்கிறது. இரண்டும் பிறகு சந்திப்பதைக் கீழே காண்க.

மாற்றுக் கருத்து ஒன்றுக்கும் இடம் தர வேண்டும். தெமோதரைக்கும் எல்லவுக்கும் நடுவே உள்ள ஒன்பது வளைவுப் பாலம், முதல் உலகப்போருக்கு உருக்கெல்லாம் போய்விட்டதால் கல்லும் செங்கல்லும் சீமெந்துமாகவே கட்டி 1921இல் முடிக்கப்பட்டது என்று ஊரில் சொல்வார்கள். உருக்கு இல்லாமலே பெரிய காரியம் நடக்கும் என்பதற்கு அதை எடுத்துக்காட்டுகிறவர்கள் உண்டு. அந்தப் பாலத்தால் பாக்குச் சீவ முடியாது என்பதோடு இவ்விவாதத்தை முடித்துக்கொள்கிறேன்.

இனி உருக்குகள். உள்ளூர்க் கொல்லர் லொறியின் ஸ்பிரிங் பட்டையை அடித்துச் செய்யும் கத்தியில் கரிமம் ஏறத்தாழ 0.6 சதவீதம். குரோமியம் ஒரு சதவீதத்தைத் தொடாது. அதனால் அப்புத்தளை மூடுபனியில் ஓரிரவு கிடந்தால் செம்மண் நிறத்துக்கு வந்துவிடும். ஆனால் நன்றாகத் தீட்டுப்படும், வளைந்தாலும் முறியாது. சந்தையில் குவித்து வைத்து விற்கும் மலிவான சீனத் துருப்பிடியா உருக்கில் குரோமியம் 13 சதவீதம் அளவுக்கு இருக்கும், கரிமமோ 0.3 சதவீதத்தைச் சுற்றியே நிற்கும். பார்க்க எப்போதும் பளபளப்பு, வெட்ட எப்போதும் மொட்டை. சுவிஸ்காரரின் விக்டோரினாக்ஸ் இரண்டுக்கும் நடுவில்: கரிமம் அரை சதவீதம், குரோமியம் 15, கடினம் ராக்வெல் அளவில் 56. சீக்கிரம் மழுங்கும், அதே வேகத்தில் கூராகும்.

சிக்கல் வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் மச்சான்மாரால் தொடங்குகிறது. அவர்கள் கொண்டுவரும் கத்தியின் அலகில் எஸ்30வி என்று பொறித்திருக்கும். கரிமம் 1.45, குரோமியம் 14, அதற்கு மேல் வனேடியம் 4 சதவீதம். இந்த வனேடியம் கரிமத்தோடு சேர்ந்து உருக்குக்குள் நுண்மணிகளாகக் கிடக்கிறது. அம்மணிகளின் கடினம் குவார்ட்ஸைப் போல் இருமடங்குக்கும் மேல். சாதாரணச் சாணைக்கல்லின் அலுமினிய ஒட்சைட்டையும் அவை மிஞ்சும். அவற்றை அறுக்க வைரத்தூள் பதித்த தகடு வேண்டும். கத்தி மாதக்கணக்கில் கூர் இழக்காது என்பது மெய்தான். இழந்த அன்றைக்கு லயத்தில் எதன்மீது தேய்ப்பது என்பதை மச்சான் சொல்லிவிட்டுப் போவதில்லை.

லயத்தில் உள்ள கற்களோ நாம் அறிந்தவையே. இஸ்தோப்புப் படியின் சீமெந்து விளிம்பு முதலாவது. அதில் கலந்த மணல் குவார்ட்ஸ், மோஸ் அளவில் 7. உருக்கைத் தின்னும், சமமாகத் தின்னாது. மலைநாட்டுப் பாறைகளில் குவார்ட்ஸோடு கார்னெட்டும் கலந்திருப்பதால், பீலியடியில் தண்ணீர் தேய்த்து வழுவழுப்பாக்கிய கல் படியைவிட மேலானது. மூன்றாவதைக் கண்டுபிடித்தவருக்கு யாரும் சிலை வைக்கவில்லை: தேத்தண்ணீர்க் கோப்பையைக் கவிழ்த்தால் அடியில் மெருகு பூசாத ஒரு சொரசொரப்பு வளையம். கடைசி மெருகுக்கு அதற்கு நிகர் குறைவு. குடித்து முடித்த பிறகு கவிழ்ப்பது நல்லது.

இத்துறையின் மூத்த அதிகாரிகள் கவ்வாத்துக்காரர்கள். தேயிலைச் செடியைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை முழங்கால் உயரத்துக்கு வெட்டி இறக்கும்போது வெட்டு சரிவாக, ஒரே வீச்சில், பட்டை கிழியாமல் விழ வேண்டும். கிழிந்தால் தண்ணீர் தங்கி மரம் உளுக்கும். கவ்வாத்துக் கத்தி மடிவதில்லை. சட்டைப்பையில் வைத்தால் சட்டைதான் மடியும். ஆனாலும் கோட்பாடு ஒன்றே. பசறைப் பக்கத்து ஓய்வுபெற்ற கவ்வாத்துக்காரர் ஒருவரிடம் எந்த உருக்கு நல்லது என்று கேட்டேன். "கத்தியப் பத்தி அப்புறம் பேசலாம் தம்பி. ஒங்க வீட்டுல என்ன கல்லு கெடக்குது, அதச் சொல்லுங்க" என்றார். இரண்டு பக்கம் எழுதி நான் நிறுவ முயன்ற கருதுகோளை அவர் வெற்றிலையைத் துப்புவதற்குள் முடித்துவிட்டார்.

முறையையும் அவரே காட்டினார். அலகைக் கல்லின்மேல் நேராக நிறுத்துக; அதில் பாதி சாய்க்க; அதில் மீண்டும் பாதி. இருபது பாகையை ஒட்டி வந்துவிடும். கல்லை நனைத்து, ஒரு பக்கமே தேய்க்க, மறுபக்க ஓரத்தில் விரல் நுனிக்கு ஒரு பிசிர் தட்டுப்படும் வரை. பிறகு மறுபக்கம், பிறகு இரண்டையும் மாறி மாறி, அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே. பிசிர் போக இடுப்பு வாரிலோ மடித்த செய்தித்தாளிலோ பின்னோக்கி இழுக்க. 1930இல் தொடங்கிய வீரகேசரி இதற்கு ஏற்றது. தலையங்கப் பக்கமா விளையாட்டுப் பக்கமா சிறந்தது என்பதில் எங்கள் தோட்டத்தில் இரண்டு கட்சி உண்டு.

டவுனில் மின்சாரச் சக்கரத்தில் சாணை பிடிப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பொறி பறக்கும், பஸ்ஸுக்கு நிற்பவர்கள் கூடிவிடுவார்கள். அலகின் நுனி நீலம் பாரித்தால் சூடு 300 பாகை செல்சியஸை எட்டிவிட்டது என்று பொருள். ஸ்பிரிங் பட்டைக் கத்தியானால் அந்த இடத்தில் கடினம் குறைந்துவிடும். வேடிக்கை பார்ப்பவர்களின் மகிழ்ச்சியும் கத்தியின் ஆயுளும் எதிர்விகிதத்தில் இருக்கின்றன.

துருவுக்கு வருவோம். கடும் சாயத் தேத்தண்ணீரில் உள்ள டானின் வகைப் பொருள்கள் இரும்போடு சேர்ந்தால் கருமை உண்டாகும். ஸ்பிரிங் பட்டைக் கத்தியைச் சாயத்தில் ஊறவைத்து எடுத்தால் அலகு கருத்து, அந்தக் கருப்புத் துருவை ஓரளவு தாமதப்படுத்தும். முன்பு வாக்களித்த சந்திப்பு இதுவே. சீனி போட்ட தேத்தண்ணீரில் செய்து பார்த்தவரின் கத்திக்கு எறும்பு வந்தது. அது தனிக் கட்டுரைக்கு உரியது.

கடைசியாக இரவல் என்னும் பெரும் நோய். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும், கீழே வைத்துத்தான் எடுக்க வேண்டும் என்பது நம்பிக்கை. கள ஆய்வு இதை ஓரளவே ஆதரிக்கிறது: கொடுக்கும்போது எப்படிக் கொடுத்தாலும், சண்டை வருவது திரும்பக் கேட்கும்போதுதான். மேற்கண்ட உருக்குகளின் கூர் எத்தனை நாள் நிற்கிறது என்று காட்டும் அட்டவணை ஒன்றை இணைப்பதாக இருந்தேன். ஆய்வுக் கத்தியைத் தீபாவளிக்கு வாழையிலை நறுக்கவென்று பக்கத்துக் காம்பறா அண்ணன் வாங்கிப் போனார். பொங்கலும் வருகிறது, இலை இன்னும் பாக்கி இருக்கிறதாம்.