குலுக்கல் தரும் குரல்

கேள்வி: விவாதம் என்றால் மனம்விட்டுப் பேசுவதுதானே? அதற்கு எதற்கு நேரம், வரிசை, விதிமுறை எல்லாம்?

பதில்: கரை இருந்தால்தான் ஆறு; இல்லாவிட்டால் வெள்ளம். நம் மக்களவையையே பாருங்கள். கேள்வி நேரம் காலை 11 மணி முதல் 12 மணி வரைதான். வாய்மொழிப் பதில் வேண்டுபவர் கேள்விக்கு நட்சத்திரக் குறி இட வேண்டும். நாளொன்றுக்கு இத்தகைய 20 கேள்விகளே பட்டியலில் ஏறும். எது முதலில் என்பதைக் கட்சியின் பலம் அல்ல, குலுக்கலே முடிவு செய்கிறது. அதனால்தான் ஒரே ஓர் உறுப்பினர் உள்ள கட்சியாலும் அமைச்சரை எழுந்து நின்று பதில் சொல்ல வைக்க முடிகிறது, துணைக் கேள்வியால் துருவவும் முடிகிறது. வரிசை இல்லாத இடத்தில் உரத்த தொண்டைக்கே முதல் மரியாதை.

விதி அவசரத்தின் கழுத்தை நெரிக்காதா என்பீர்கள். நெரிக்கக்கூடும், அதனால்தான் அவசரப் பிரச்சினைகளை எழுப்ப, விதிப் புத்தகத்தில் இல்லாத ‘பூஜ்ஜிய நேரம்’ மரபாக வளர்ந்தது. ஆள்வோரே விதியை ஒதுக்கிவைத்தால்? 2020 மழைக்காலக் கூட்டத்தொடரில் கொரோனாவைக் காரணம் காட்டிக் கேள்வி நேரம் கைவிடப்பட்டது. எழுத்துப் பதில்கள் வந்தன. எதிரே நின்று மடக்கிக் கேட்கும் உரிமை போயிற்று. அந்த இழப்பு காட்டுவது விதியின் குறையை அல்ல, அருமையை. ஒழுங்கு குலையும்போது முதலில் ஊமையாவது எளியவரின் குரல்தான்.