கால் கிலோ சர்க்கரை

1976 மே மாதம் மும்பையில் எங்கள் குடிசைப் பகுதியான ஜனதா காலனியை இடித்தபோது எனக்கு ஏழு வயது. அணுசக்தி ஆராய்ச்சி மையத்துக்கு அந்த இடம் வேண்டும் என்றார்கள். எங்கள் தலைவர் ஜோக்கின் அற்புதம் எவ்வளவோ போராடிப் பார்த்தார். கடைசியில் எல்லாரையும் தட்டுமுட்டுச் சாமானோடு டிராம்பே சீத்தா கேம்பில் கொண்டுவந்து இறக்கினார்கள்.

அங்கே அப்பா மளிகைக் கடை போட்டார். பெண்கள் கொண்டுவரும் மருந்து பாட்டிலில் நாலணாவுக்கு எண்ணெய் ஊற்றுவார். கடைசிச் சொட்டு விழும்வரை புனலை எடுக்கமாட்டார். சர்க்கரை கால் கிலோவுக்கு மேல் யாரும் கேட்டதில்லை. செய்தித்தாளில் பொட்டலம் மடித்துச் சணல் சுற்றுவது என் வேலை. தினக்கூலிச் சனம், அன்றாடம் வாங்கி அன்றாடம் சமைத்தது. முடியாதவர்களுக்குக் கடன் நோட்டு.

2000-க்குப் பிறகு அதே வீடுகளுக்கு ஐந்து கிலோ அரிசிப் பை, லிட்டர் எண்ணெய் என்று போயிற்று. பிள்ளைகள் படித்து வேலைக்குப் போனார்கள். கடன் நோட்டைப் பரணில் போட்டேன். எவ்வளவு சந்தோஷம் அது!

2019 ஆகஸ்டில் விற்பனை மந்தத்தால் பத்தாயிரம் பேர் வரை வேலை இழக்கலாம் என்று பிஸ்கட் கம்பெனி பார்லே சொன்னது. ஐந்து ரூபாய் பிஸ்கட்டுக்கே யோசிக்கிறார்களா என்று வெளியே பலருக்கு ஆச்சரியம். கல்லாவில் உட்கார்ந்திருந்த எனக்கு ஆச்சரியமில்லை. பெரிய பாக்கெட் கேட்டவர்கள் சின்னதுக்கு இறங்கி மாதக்கணக்காகியிருந்தது. அந்த ஏப்ரல்–ஜூனில் நாட்டின் பொருளாதார வளர்ச்சி 5 சதவீதம்தான் என்ற கணக்கு அதற்கும் பிறகுதான் வந்தது.

2024 ஜூலை–செப்டம்பரில் மறுபடி வளர்ச்சி 5.4 சதவீதம்தான் என்றார்கள். அடுத்த மாதமே காய்கறி விலை முந்தைய ஆண்டைவிட 42 சதவீதம் ஏறி நின்றது. நாட்டின் மொத்த உற்பத்தியில் ஏறக்குறைய 60 சதவீதம் வீட்டுச் செலவு என்கிறார்கள். அந்த வீட்டில் வாடகை, பள்ளிக் கட்டணம், செல்போன் தவணை எதையும் தள்ளிப்போட முடியாது. அடுப்படியில்தான் கை வைக்க முடியும். சம்பளம் ஏறாமல் இது சரியாகாது.

அன்று மருந்து பாட்டிலோடு வந்த ஒரு பாட்டியின் பேத்தி போன வாரம் வந்தாள்.

“அண்ணாச்சி, லிட்டர் வேண்டாம். 200 மில்லி பாக்கெட் குடுங்க. சீனி கால் கிலோ.”

பணம் அனுப்பப் போனை எடுத்தவள், திரையைப் பார்த்துவிட்டுத் தயங்கினாள்.

“ஒண்ணாம் தேதி தரட்டுமா?”

“எடுத்துட்டுப் போம்மா.”

கைக்கெட்டிய இடத்தில் நோட்டு இல்லை. பழைய பில்லைத் திருப்பி எழுதி வைத்தேன்.