வெளிப்படையான கணக்கு

சிற்றாறு தாமிரபரணியோடு சங்கமிக்கும் சீவலப்பேரியிலே, பஞ்சாயத்தின் வரவு செலவை அறிய விரும்பும் பிரஜை இனி எழுத்தரின் பிரசன்னத்துக்காகத் திண்ணையில் தவங்கிடக்க வேண்டியதில்லை. 2020 ஏப்ரலில் மத்திய சர்க்கார் திறந்துவைத்த ‘இ-கிராம் ஸ்வராஜ்’ வலைத்தளம், தேசத்துக் கிராமங்களின் கணக்கை வெளியூரில் உள்ளவனுக்குங்கூட தரிசனம் செய்விக்கிறது.

கணக்கைப் பார்ப்பது வேறு, கேள்வி கேட்பது வேறு. ஆண்டுக்கு ஆறு முறை கூடவேண்டிய கிராம சபையிலே, கேட்டவன் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல நேர்கிற சங்கடம் உண்டு. இணையமோ மனுவுக்கு ஓர் எண்ணை அருளிவிட்டு மௌன விரதம் பூணும் சௌகரியமுடையது. அந்த எண்ணும் எளிதில் சித்திப்பதன்று. தெருவிளக்குக்காக இ-சேவை மையத்தில் காத்திருக்கும் பெரியவருக்குரிய ஒருமுறைக் கடவுச்சொல், சென்னையிலுள்ள மகனின் கைப்பேசிக்குப் போகிறது, அவன் கூப்பிடுகிறான்: “எப்பா, அது காலாவதியாயிட்டு, இன்னொண்ணு அனுப்பச் சொல்லுங்க.”